வீட்டு ஃபைபரில் சர்வர் வைக்கப் போகிறவர்களுக்கு: தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு வழிகாட்டி

சாட்ஸ்வொர்த்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு தாத்தா வீட்டில் இரண்டு ஷூ பெட்டி நிறைய கேசட் இருந்தது. கோயில் திருவிழாக்களில் பிடித்த தெருக்கூத்து, காவடிச் சிந்து, கல்யாண வீட்டு நலங்குப் பாட்டு, எல்லாம் அவரே பதிவு செய்தவை. தெருக்கூத்தை இங்கே எல்லோரும் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்றுதான் சொல்வார்கள், அவரும் அட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தார். நாற்பத்தாறு கேசட்டையும் கணினிக்கு மாற்றி, ராஸ்பெரி பை என்கிற ஒரு சின்னக் கணினி வாங்கி, என் வீட்டு ஃபைபரிலேயே வைத்து, லெனேசியாவிலும் கேப் டவுனிலும் இருக்கிற அவருடைய பேரப் பிள்ளைகளுக்கு லிங்க் அனுப்பினேன். மூன்று வாரம் நன்றாக ஓடியது. நான்காவது வாரம் ஒருவருக்கும் திறக்கவில்லை. என் வீட்டு வைஃபையில் மட்டும் திறக்கிறது, வெளியே யாருக்கும் இல்லை.

என்ன ஆச்சு என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு சனி ஞாயிறு போனது. ரூட்டரை மாற்றிப் பார்த்தேன், பையை அழித்து மறுபடி நிறுவினேன், ஒன்றும் பலனில்லை. கடைசியில் பார்த்தால் ஐஎஸ்பி, அதாவது எனக்கு இணையம் விற்கிற நிறுவனம், எங்கள் லைனை ஒரு பகிர்வு முகவரிக்கு மாற்றியிருந்தார்கள், சொல்லவே இல்லை. இதெல்லாம் முதலிலேயே யாராவது தமிழில் எழுதி வைத்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வேலைக்கு இப்போதுதான் ஜோபர்க் வந்தவராக இருக்கலாம், இங்கேயே ஐந்து தலைமுறையாக இருக்கிற குடும்பமாக இருக்கலாம், படம் வைக்க ஒரு நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கிற பெட்டி) வாங்கியிருக்கலாம், தமிழ்ப் பள்ளி பாடங்களை எல்லாருக்கும் பகிர நினைக்கலாம். யாராக இருந்தாலும் ஒன்றை மட்டும் முதலில் மனதில் வையுங்கள். வீட்டு இணையத்தில் சர்வரோ கோப்புப் பகிர்வோ தடைபட்டால், அதற்கு மூன்று வேறு வேறு காரணம் உண்டு: ஒப்பந்தம் தடுக்கிறது, முகவரி தடுக்கிறது, அல்லது லைனிலேயே போர்ட்டையோ (ஒவ்வொரு சேவையும் வந்து போகிற எண்ணிட்ட வாசல்) வேகத்தையோ அடைத்திருக்கிறார்கள். மூன்றுக்கும் மருந்து வேறு. எது என்று தெரியாமல் எதையாவது செய்தால் என்னைப் போல இரண்டு வாரம் வீணாகும்.

ஏன் தடுக்கிறார்கள்

இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் அவர்களிடம் பேசுவது சுலபம்.

வீட்டு ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் என்கிற முறையில் வருகிறது. தெருமுனையில் ஒரு இழை பிரிந்து 32 அல்லது 64 வீடு வரைக்கும் போகும். அந்த ஒரே இழையில் எல்லோருக்கும் சேர்த்து டவுன்லோடு சுமார் 2.5 கிகாபிட், அப்லோடு அதில் பாதி. அதாவது நீங்கள் வாங்கியிருக்கிற 50 எம்பிபிஎஸ் உங்களுக்காக மட்டும் ஒதுக்கி வைத்ததல்ல. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓட மாட்டார்கள் என்ற கணக்கில்தான் அந்த விலைக்கே தருகிறார்கள். சாதாரண வீடு மாலையில் படம் பார்க்கும், அப்லோடு கிட்டத்தட்ட சும்மா இருக்கும். சர்வர் அப்படி இல்லை. 25 எம்பிபிஎஸ் அப்லோடை நாள் முழுக்க நிரப்பினால் ஒரு நாளைக்கு 270 ஜிபி, மாதத்துக்கு 8 டிபிக்கு மேல். ஒரு வீட்டுக்காரர் செய்தால் யாருக்கும் தெரியாது, தெருவில் பத்துப் பேர் செய்தால் மற்றவர்களின் வீடியோ கால் திக்கும்.

இன்னொரு காரணம் பணம். கடைக்கும் அலுவலகத்துக்கும் பிசினஸ் லைன் என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள், வீட்டு லைனிலேயே எல்லாரும் கடையின் தளத்தை ஓட்டினால் அதை யார் வாங்குவார்கள்? மூன்றாவது, ஸ்பாம். வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் குப்பை மின்னஞ்சல் அனுப்பக்கூடாது என்று போர்ட் 25-ஐ உலகம் முழுக்கப் பல ஐஎஸ்பிக்கள் அடைத்து வைத்திருக்கிறார்கள். இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, நியாயமான தடை.

நம் நாட்டுக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. 2002-ல் டெல்காம் நிறுவனம் ஏடிஎஸ்எல் என்கிற தொலைபேசிக் கம்பி இணையத்தைக் கொண்டுவந்தபோது மாதத்துக்கு 3 ஜிபிதான், அதற்கு மேல் போனால் கட்டுப்பாடு. வெளிநாட்டுக் கேபிள் குறைவு, விலை அதிகம். உள்நாட்டுத் தளங்களுக்கு மட்டும் தனிக் கணக்கு விற்ற காலம் அது. 2009-ல் சீகாம் கடலடிக் கேபிள் வந்தது, 2010 மார்ச்சில் எம்வெப் என்ற ஐஎஸ்பி அன்கேப்டு (அளவு வரம்பில்லாத) ஏடிஎஸ்எல் அறிவித்தது, அதன்பிறகு மற்றவர்களும் இறங்கினார்கள். ஆனால் அன்கேப்டு என்று எழுதினாலும் கூடவே ஒரு நட்சத்திரக் குறி வந்தது: பீர்-டு-பீரை (டோரண்ட் மாதிரி, பயனர்கள் ஒருவருக்கொருவர் நேராகக் கோப்பு பகிர்வதை) மெதுவாக்குவோம், அளவுக்கு மீறினால் வேகத்தைக் குறைப்போம் என்று. கேப்டு, அன்கேப்டு, ஷேப்டு, அன்ஷேப்டு என்று இந்த ஊர்க்காரர்கள் இன்றும் பேசுவது அந்தக் காலத்துப் பாஷை. கேப் என்பது அளவு, ஷேப்பிங் என்பது ஒரு வகைப் போக்குவரத்தை மட்டும் மெதுவாக்குவது, த்ராட்டில் என்றால் எல்லாவற்றையும் மெதுவாக்குவது. மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், போனில் பேசும்போது சரியான வார்த்தையைச் சொன்னால்தான் சரியான ஆளிடம் மாற்றிவிடுவார்கள்.

தடுப்பதை விட மோசமானது சொல்லாமல் தடுப்பது. 2007-ல் அமெரிக்காவில் ராப் டோபோல்ஸ்கி என்பவர் நூறு வருடப் பழைய பார்பர்ஷாப் பாடல்களை பிட்டோரண்டில் பகிர முயன்றார். காப்புரிமை எப்போதோ முடிந்த பாடல்கள். பகிரவே முடியவில்லை. தோண்டிப் பார்த்தால், காம்காஸ்ட் நிறுவனம் இரண்டு பக்கத்துக்கும் இணைப்பை முறி என்று பொய்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. முதலில் மறுத்தார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பைபிளை வைத்துச் சோதித்து உறுதி செய்தது, 2008-ல் அந்நாட்டு ஆணையம் அது தவறு என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவை 2010-ல் நீதிமன்றம் ரத்து செய்தது வேறு விஷயம், ஆனால் அந்த நடைமுறையைக் காம்காஸ்ட் அதற்குள் கைவிட்டிருந்தது. கேசட் பெட்டியோடு உட்கார்ந்திருந்த எனக்கு அந்த மனிதர் ரொம்ப நெருக்கமானவராகத் தெரிந்தார். பழைய பாட்டைக் காப்பாற்ற நினைத்தவர், தன் லைனில் என்ன நடக்கிறது என்று தானே அளந்து பார்த்தவர். நாமும் அளந்துதான் பார்க்க வேண்டும்.

முதல் வேலை: உங்கள் லைன் யாருடையது, ஐஎஸ்பி யார்

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இது புதிது. இங்கே தெருவில் குழி தோண்டி ஃபைபர் போட்டவர் ஒருவர், உங்களுக்கு இணையம் விற்பவர் இன்னொருவர். ஓபன்சர்வ், வுமாடெல், ஃப்ராக்ஃபுட், மெட்ரோஃபைபர் போன்றவர்கள் இழைக்காரர்கள். அவர்கள் இழையில் பல ஐஎஸ்பிக்கள் கடை போட்டிருப்பார்கள். சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டி இழைக்காரருடையது, பில் அனுப்புகிறவர் ஐஎஸ்பி.

இதனால் நமக்கு என்ன லாபம் என்றால், முகவரி, போர்ட், வேகக் கட்டுப்பாடு எல்லாம் பெரும்பாலும் ஐஎஸ்பி கையில் இருக்கிறது. அவர் ஒத்துவரவில்லை என்றால் இழையைத் தொடாமல் ஐஎஸ்பியை மட்டும் மாற்றலாம், சுவரில் ஓட்டை போட வேண்டாம், பெட்டி அதே பெட்டி. உங்கள் தெருவில் என்ன இழை போகிறது என்று பார்த்து, அதில் விற்கிற ஐஎஸ்பிக்களின் பட்டியலை இழைக்காரரின் தளத்திலேயே எடுத்து வையுங்கள். பிறகு பேரம் பேச உதவும். எல்டிஇ அல்லது 5ஜி ரூட்டரில் இருக்கிறீர்கள் என்றால் இந்த வசதி இல்லை, முகவரியும் அனேகமாகப் பகிர்வு முகவரிதான், கீழே சொல்லப்போகிற சுரங்க வழிக்கு நேராகப் போய்விடுங்கள்.

ஒப்பந்தத்தைப் படியுங்கள், நிஜமாகவே படியுங்கள்

ஐஎஸ்பியின் தளத்தில் கீழே சின்ன எழுத்தில் இரண்டு பக்கம் இருக்கும். ஒன்று ஏயூபி, அதாவது எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பது. இன்னொன்று எஃப்யூபி, எவ்வளவு பயன்படுத்தலாம் என்பது. முழுதும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் பக்கத்தில் தேடும் வசதியைத் திறந்து சர்வர், ஹோஸ்டிங், கமர்ஷியல், ரீசெல், பீர்-டு-பீர், எக்ஸசிவ் என்ற ஆங்கில வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

வாசகத்தில் கவனிக்க வேண்டியது, சர்வரே கூடாது என்கிறார்களா, வியாபார சர்வர் கூடாது என்கிறார்களா என்பது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கூகுள் ஃபைபர் கான்சாஸ் சிட்டியில் தொடங்கியபோது எந்த வகை சர்வரும் கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள். ஒரு வாடிக்கையாளர் அமெரிக்க ஆணையத்தில் புகார் கொடுத்தார், 2013-ல் அவர்களே விதியைத் திருத்தி, வியாபாரமில்லாத சொந்த சர்வர் வைக்கலாம் என்று மாற்றினார்கள். யோசித்துப் பாருங்கள், வீட்டுக் கேமராவை போனில் பார்ப்பதும் சர்வர்தான், சில விளையாட்டுகளில் நண்பர்களை உங்கள் மெஷினுக்கு வரவழைப்பதும் சர்வர்தான். மொத்தமாகத் தடுக்கிற விதியை யாராலும் நிஜத்தில் நடைமுறைப்படுத்த முடியாது. ஆனால் விதி எழுத்தில் இருந்தால், அவர்களுக்கு வேண்டாத நாளில் உங்களை நிறுத்த அதையே காட்டுவார்கள். அதனால் அப்படி மொட்டையாக எழுதியிருக்கிற ஐஎஸ்பியிடம் நான் சர்வர் வைக்க மாட்டேன்.

எஃப்யூபியில், எத்தனை ஜிபிக்குப் பிறகு குறைப்பார்கள், எந்த வேகத்துக்குக் குறைப்பார்கள், மாதம் பிறந்தால் சரியாகுமா, இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணே இல்லாமல் அளவுக்கு மீறினால் என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த அளவு எது என்று எழுத்தில் கேளுங்கள். படித்த அன்றைய தேதியோடு பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள், பின்னால் மாற்றிவிடுவார்கள்.

முகவரிச் சோதனை

பலருக்குப் பிரச்சினை இங்கேதான், எனக்கும் இங்கேதான் இருந்தது.

ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. ஆப்பிரிக்காவுக்குப் பங்கு பிரிக்கிற அஃப்ரினிக் அமைப்பு மொரீஷியஸில் இருக்கிறது, அவர்களிடமும் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைக்கிறது. அதனால் ஐஎஸ்பிக்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். இதற்குப் பெயர் சிஜிநேட். ஃபிளாட்டில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே தெருக்கதவு எண் கொடுத்து, உள்ளே வீட்டு எண்ணே எழுதாமல் விட்டது போல. நீங்கள் வெளியே போகலாம், வெளியிலிருந்து வருகிறவருக்கு உங்கள் கதவு எது என்று தெரியாது.

சோதிப்பது எப்படி: உங்கள் ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போங்கள், வான் (WAN) அல்லது இன்டர்நெட் என்ற பகுதியில் ஒரு ஐபி முகவரி இருக்கும், எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பிரவுசரில் என் ஐபி என்ன என்று தேடுங்கள், அங்கே ஒரு முகவரி காட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குச் சொந்தப் பொது முகவரி இருக்கிறது, நல்லது. ரூட்டரில் காட்டுவது 100.64-இல் தொடங்கி 100.127-க்குள் இருந்தால் அது சிஜிநேட், சந்தேகமே வேண்டாம், 2012-ல் இதற்கென்றே ஒதுக்கிய எண் வரிசை அது. 192.168 அல்லது 10 என்று தொடங்கினால் பெரும்பாலும் உங்கள் வீட்டிலேயே இரண்டு ரூட்டர் ஒன்றின் பின் ஒன்றாக இருக்கிறது, ஒன்றை பிரிட்ஜ் மோடில் போட்டால் சரியாகலாம். சில ஐஎஸ்பிக்கள் 10 வரிசையையும் பகிர்வுக்குப் பயன்படுத்துகிறார்கள், அதனால் வீட்டில் ஒரே ரூட்டர்தான் என்றால் அதுவும் சிஜிநேட்தான்.

ஒரு குழப்பத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். டெயில்ஸ்கேல் (உங்கள் கருவிகளைத் தனியாக இணைக்கிற ஒரு மென்பொருள்) நிறுவியிருந்தால் அதுவும் உங்கள் கணினிக்கு 100 என்று தொடங்குகிற ஒரு முகவரி கொடுக்கும். அதைப் பார்த்துவிட்டு ஐஎஸ்பியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ரூட்டர் பக்கத்தில் காட்டுவதுதான் கணக்கு.

போர்ட் திறக்கிறதா

முகவரி சரியாக இருந்து, ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கும் (வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு வருவதை உங்கள் சர்வருக்கு அனுப்பும் அமைப்பு) போட்ட பிறகும் வெளியிலிருந்து வர முடியவில்லை என்றால் போர்ட்டைப் பாருங்கள். இதைச் சோதிக்கும்போது போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறங்கள். வீட்டுக்குள்ளிருந்தே வீட்டின் பொது முகவரியைத் திறந்தால் பல ரூட்டர்கள் வழிவிடாது, உங்கள் சர்வர் நன்றாக இருந்தும் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள்.

80-ல் திறக்கவில்லை, 8080 மாதிரி வேறு எண்ணில் திறக்கிறது என்றால் அடைத்தது அந்த ஒரு போர்ட்டை மட்டும்தான். 25 அடைத்திருந்தால் விட்டுவிடுங்கள், வீட்டிலிருந்து மின்னஞ்சல் சர்வர் ஓட்டுவது இன்றைக்கு வீண் வேலை, வீட்டு முகவரியிலிருந்து போகிற கடிதத்தைப் பெரிய மின்னஞ்சல் நிறுவனங்கள் குப்பையில்தான் போடும். 445 அடைத்திருந்தால் நன்றி சொல்லுங்கள், 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் பரவியது அந்த வழியாகத்தான்.

வேகத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்களா

உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸின் டோரண்டை எடுங்கள், சட்டப்படி முழுக்கச் சரியான கோப்பு, பகிர்கிறவர்களும் நிறைய. மதியம் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை, விடியற்காலை ஒரு முறை வேகத்தைக் குறியுங்கள். அதே நேரங்களில் சாதாரண வேகச் சோதனையும் செய்யுங்கள். எல்லா நேரமும் வேகச் சோதனை முழுதாக வந்து, டோரண்ட் மட்டும் தவழ்ந்தால் ஷேப்பிங் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். அப்புறம் ஒரு விபிஎன் (என்ன போகிறது என்று ஐஎஸ்பிக்குத் தெரியாமல் மூடி அனுப்புகிற இணைப்பு) வழியாக அதே டோரண்டை ஓட்டிப் பாருங்கள். விபிஎன்னுக்குள் வேகம் கூடினால் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி. இரவில் மட்டும் எல்லாமே மெதுவானால் அது ஷேப்பிங் இல்லை, நெரிசல். ஒரு நாள் சோதனையை வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள், ஒரு வாரமாவது எழுதி வையுங்கள்.

ஐஎஸ்பிக்கு எழுதுவது

போனில் பேசினால் முதலில் எடுக்கிறவருக்கு இது எதுவும் தெரியாது, ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்பார். பாவம், அவர் கையில் இருக்கிற தாள் அப்படி. மின்னஞ்சலில் எழுதுங்கள், டிக்கெட் எண் வாங்குங்கள். நான் கேட்ட கேள்விகள் இவைதான், நீங்களும் அப்படியே கேட்கலாம்: என் லைன் சிஜிநேட்டில் இருக்கிறதா, பொது முகவரி அல்லது ஸ்டேட்டிக் ஐபி (மாறாத முகவரி) தருவீர்களா, மாதம் எவ்வளவு ராண்ட், ஐபிவி6 என்கிற புதிய முகவரி முறை உண்டா, உள்வரும் போர்ட்டுகளில் எதெல்லாம் அடைத்திருக்கிறது, வியாபாரமில்லாத சொந்த சர்வர் உங்கள் ஏயூபியில் அனுமதியா. என்ன செய்கிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். குடும்பத்துப் பதிவுகள், இருபது பேர் கேட்பார்கள், மாதம் இத்தனை ஜிபி ஆகும் என்று எண்ணோடு சொன்னால் பெரும்பாலும் மரியாதையாகவே பதில் வருகிறது. எனக்கு நேராகப் பதில் சொல்லாமல் மூன்று தடவை சுற்றவிட்டார்கள், நான் ஐஎஸ்பியை மாற்றினேன். புதியவரிடம் சேரும் முன்பே இதே கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

சரி, என்ன வழி

முதலில் உங்களுக்கு வீட்டு சர்வர் தேவையா என்று கணக்குப் போடுங்கள். பேச்சும் பாட்டும் 64 கேபிபிஎஸ்ஸில் வைத்தால் 90 நிமிடக் கேசட் ஒன்று சுமார் 43 எம்பி. நாற்பத்தாறு கேசட்டும் சேர்த்து 2 ஜிபிதான்! மாதம் சின்னத் தொகைக்கு ஒரு உள்ளூர் ஹோஸ்டிங் கணக்கு எடுத்தால் எந்தத் தகராறும் இல்லாமல் முடிந்துவிடும். உரிமை உங்களுடையது, உலகத்துக்கே கொடுக்க மனமும் இருக்கிறது என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகவே ஏற்றலாம். இதைச் சொல்லாமல் வீட்டில் சர்வர் வையுங்கள் என்று தூண்டுவது சரியல்ல. நான் வீட்டில் வைத்ததற்குக் காரணம், தாத்தா சில பதிவுகளைக் குடும்பத்துக்கு மட்டும் என்று சொன்னார்.

அப்படிச் சொந்தக்காரர்களுக்கு மட்டும் என்றால் டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்ட் என்கிற விபிஎன் மென்பொருள். டெயில்ஸ்கேல் புதியவர்களுக்குச் சுலபம், வீட்டு உபயோகத்துக்கு இலவசம், சிஜிநேட்டுக்குப் பின்னாலும் வேலை செய்யும், எந்த போர்ட்டையும் உலகத்துக்குத் திறக்க வேண்டாம். பார்க்கிறவர் ஒவ்வொருவரும் தன் போனில் நிறுவ வேண்டும் என்பது ஒன்றுதான் சிரமம், வயதான ஆன்ட்டிகளுக்கு நானே போய்ப் போட்டுக் கொடுத்தேன். வயர்கார்டை நீங்களே அமைக்கலாம், ஆனால் ஒரு பக்கத்திலாவது பொது முகவரி வேண்டும்.

எல்லோரும் பார்க்கிற ஒரு பக்கம் என்றால், பொது முகவரி இருக்கிறவர்கள் டக்டிஎன்எஸ் மாதிரி ஒன்றில் பெயர் எடுத்து முகவரி மாறினாலும் பின்தொடரச் செய்யலாம். இல்லாதவர்களுக்கு கிளவுட்ஃப்ளேர் டனல் உண்டு, மேலே சொன்ன சுரங்க வழி இதுதான். அது உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிற இணைப்பு என்பதால் சிஜிநேட் தடுக்காது. வீடியோவும் பெரிய கோப்புகளும் வைக்கிறீர்கள் என்றால் அவர்கள் விதியையும் படியுங்கள். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: சுரங்கம் முகவரிப் பிரச்சினையைத்தான் தீர்க்கும், ஒப்பந்தப் பிரச்சினையைத் தீர்க்காது. ஏயூபி கூடாது என்று சொன்னால் சுரங்கம் வழியாக வைத்தாலும் கூடாதுதான்.

கடை, டிக்கெட் விற்பனை, காசு வாங்குகிற எதுவானாலும் பிசினஸ் லைன் அல்லது ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன் டேட்டா சென்டரில் ஒரு சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்). வீட்டு லைனில் வேண்டாம்.

பெரிய கோப்புகளைச் சில வீடுகளுக்குள் ஒரே மாதிரி வைத்திருக்க சிங்க்திங் என்ற மென்பொருள் போதும். டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் என் மைத்துனர் வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பில் அதே பதிவுகள் இரண்டாம் பிரதியாக இருக்கின்றன, இரவில் தானாகச் சேர்ந்துகொள்ளும். 25 எம்பிபிஎஸ் அப்லோடில் 10 ஜிபி போக சுமார் 53 நிமிடம் ஆகும், அதை இரவு பதினொன்றுக்கு மேல் வையுங்கள். அப்லோடு வரம்பை லைனின் எழுபது எண்பது சதவிகிதத்தில் நிறுத்துங்கள், முழுதாக விட்டால் வீட்டில் ஊருக்கு வாட்ஸ்அப் பேசுகிறவர்களின் குரல் உடையும், முதல் புகார் ஐஎஸ்பியிடமிருந்து வராது, சமையலறையிலிருந்து வரும்.

கோப்புப் பகிர்வும் சட்டமும்

டோரண்ட் என்ற கருவியில் தவறில்லை, என்ன பகிர்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. புதுப் படத்தை டோரண்டில் இறக்கும்போதே நீங்கள் மற்றவருக்கும் அனுப்புகிறீர்கள், அதாவது விநியோகிக்கிறீர்கள், நான் பார்க்க மட்டும்தான் எடுத்தேன் என்று சொல்ல முடியாது. 1978-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டப்படி இங்கே ஒலிப்பதிவுக்கு வெளியான வருடம் முடிந்து 50 ஆண்டு பாதுகாப்பு உண்டு, பாடல் எழுதியவர் இறந்து 50 ஆண்டு வரை பாட்டுக்கும் தனியாக உண்டு. கேசட்டை நீங்கள் பதிவு செய்திருந்தாலும் அதில் பாடியிருப்பது சினிமாப் பாட்டு என்றால் பொதுவில் வைக்காதீர்கள். நாங்கள் பதினொரு கேசட்டை அப்படித் தனியே எடுத்து வைத்தோம்.

2002-ஆம் வருடத்து மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தில் பிரிவு 78, உங்கள் போக்குவரத்தைப் பொதுவாகக் கண்காணிக்கும் கடமை ஐஎஸ்பிக்கு இல்லை என்கிறது. பிரிவு 77, புகார் வந்தால் உள்ளடக்கத்தை நீக்கச் சொல்லும் முறையை வகுக்கிறது, ஐஎஸ்பிஏ என்கிற ஐஎஸ்பிக்கள் சங்கம் அந்தப் புகார்களை வாங்கி உறுப்பினர்களுக்கு அனுப்புகிறது. அப்படி ஒரு கடிதம் உங்களுக்கு வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள், உரிமை உங்களுடையது என்றால் ஆதாரத்தோடு பதில் எழுதுங்கள், இல்லையென்றால் உடனே எடுத்துவிடுங்கள். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளின் பெயரும் படமும் வைக்கிறவர்கள் போபியா என்கிற தனிநபர் தகவல் சட்டத்தையும் நினைவில் வையுங்கள், பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் பொதுவில் போடாதீர்கள்.

பூட்டு, மின்சாரம்

நாஸ் பெட்டியை நேராக இணையத்துக்குத் திறக்காதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத் தீநிரல், அப்படித் திறந்து வைத்த கியூநாப் பெட்டிகளைத்தான் பூட்டிப் பணம் கேட்டது, குடும்பப் படங்களை இழந்தவர்கள் ஏராளம். ரூட்டரில் யுபிஎன்பி வசதியை அணையுங்கள், அது உங்களைக் கேட்காமலே போர்ட் திறக்கும். கடவுச்சொல்லை மாற்றுங்கள், புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள், இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும்.

லோட் ஷெடிங் நடந்த நாட்களில் என் பையின் மெமரி கார்டு இரண்டு முறை செத்தது, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அப்படித்தான். ரூட்டருக்கும் சுவர்ப் பெட்டிக்கும் வாங்குகிற சின்ன யுபிஎஸ்ஸிலேயே பையையும் சேர்த்து மாட்டுங்கள், வோல்டேஜ் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு. கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் இன்னும் நல்லது.

ஒத்துவரவில்லை என்றால்

புகாரை முதலில் ஐஎஸ்பியிடமே எழுத்தில் கொடுங்கள், டிக்கெட் எண், சோதனைக் குறிப்பு, ரூட்டர் பக்கத்தின் படம் எல்லாம் சேர்த்து. தீர்க்கவில்லை என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இகாசாவுக்கு எழுதலாம், ஐஎஸ்பி உறுப்பினராக இருந்தால் ஐஎஸ்பிஏவுக்கும் எழுதலாம், நடத்தை விதிகள் அவர்களிடம் உண்டு. ஒப்பந்தக் காலம் முடியவில்லை என்று பயமுறுத்தினால், 2008-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 14-ஐச் சொல்லுங்கள்: 20 வேலை நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்தால் நீங்கள் விலகலாம், அவர்கள் நியாயமான ஒரு ரத்துக் கட்டணம் மட்டும் கேட்கலாம். இலவசமாக ரூட்டரோ இணைப்போ கொடுத்திருந்தால் அதன் விலையைத் திரும்பக் கேட்பார்கள், எவ்வளவு என்று முதலிலேயே விசாரியுங்கள். மாத ஒப்பந்தம் என்றால் பெரும்பாலும் ஒரு மாத அறிவிப்புதான்.

மாற்றும்போது தேதியில் கவனம். ஒரே இழையில் பெரும்பாலும் பழைய ஐஎஸ்பி விடுவித்த பிறகுதான் புதியவர் ஏற முடியும், அதனால் இரண்டு பேரிடமும் ஒரே தேதியைச் சொல்லி உறுதி செய்யுங்கள், மாதக் கடைசி நாளாக வைத்தால் இரண்டு பில் வராது. மாறிய அன்றே மறுபடி முகவரிச் சோதனையைச் செய்யுங்கள். எனக்கு முதல் நாள் மறுபடியும் 100.70 என்றுதான் காட்டியது. எழுத்தில் வாங்கி வைத்திருந்த பதிலை அனுப்பினேன், மதியத்துக்குள் பொது முகவரி வந்தது, அன்று இரவே லெனேசியாவில் கேட்டார்கள்.